கெஹெல்கமு ஓயாவில் கயாக் இறக்க எந்த மாதம் பாதுகாப்பானது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர், கித்துல்கலவில் வழிகாட்டியோடு சில தடவை ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் கூட்டமாக, போயிருக்கிறார்கள். இப்போது ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகான கயாக், பழையது இரண்டு கைக்கு வந்திருக்கிறது. நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, தாங்களாகவே கித்துல்கல வரை வரலாமா, அதற்கு எந்த மாதம் நல்லது என்பது கேள்வி. மாதத்தைக் கேட்டாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்த ஆறு எப்போது மாறும், மாறப்போவதை எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன். நான் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். களனி கங்கையில் பல வருடங்கள் ராஃப்ட் வழிகாட்டியாக இருந்தேன். இப்போது ஆற்று மீட்புப் பயிற்சி கொடுக்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். நீங்கள் சொன்ன அந்தப் பகுதியில் எந்த மாதமும் இறங்க வேண்டாம். நோட்டன் அணையிலிருந்து கித்துல்கலவுக்கு வருவதற்குள் ஆறு 700 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. நடுவில் அபர்டீன் நீர்வீழ்ச்சி இருக்கிறது, உயரம் 98 மீட்டர். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது பெரிய காட்சி. ஆனால் மேலேயிருந்து கயாக்கில் வருபவருக்கு எதுவும் தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மர உச்சிகள் மட்டும் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு கரைக்கு ஒதுங்க நேரம் இருக்குமா என்பது அன்றைய நீரோட்டத்தைப் பொறுத்தது. செங்குத்தான பள்ளத்தாக்கு என்பதால் பல இடங்களில் ஏறி வெளியே வரவும் வழி இல்லை. ராஃப்டில் வழிகாட்டியின் சத்தத்துக்குத் துடுப்புப் போட்ட அனுபவம் இந்த இடத்துக்குப் போதாது. உங்கள் ஆர்வத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் இந்த ஆறுகளில் துடுப்புப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் தொடங்கும் இடம் அது இல்லை.

சரி, மாதத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்டெம்பர் வரை. வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன், மஸ்கெலியா, கித்துல்கல எல்லாம் மேற்குச் சரிவு, அந்த மழை நேராக வந்து மோதும் இடம். நாட்டிலேயே அதிகம் மழை பெறும் ஊர்களில் வட்டவளையும் கினிகத்தேனையும் அடங்கும். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. காலையில் வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகி, சில நாட்கள் விடாமல் பெய்வதும் அந்த மாதங்களில்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி பதுளை, உமா ஓயா பக்கத்துக் கிழக்குச் சரிவை நனைக்கும், நம் பக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும். மார்ச், ஏப்ரலில் மறுபடியும் பின்னேர இடிமழை. இதை வைத்துப் பார்த்தால் ஜனவரியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை களனியின் மேல்பகுதி சராசரியாக அமைதியானது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் இறங்கப்போவது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில்.

அதோடு நீர் குறைந்தால் ஆபத்து குறைந்துவிடும் என்றும் இல்லை. நீர் நிறைய இருக்கும்போது மூழ்கிக் கிடக்கும் பாறை இடுக்குகள் வற்றிய காலத்தில் வெளியே வரும். ஓட்டம் முழுதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே புகுந்து அடியால் போகும் இடங்கள் உண்டு. மேலே பார்த்தால் சாதாரணமாக நுரைக்கும், கீழே ஆள் நுழைந்தால் வெளியே வர முடியாது. பெருவெள்ளத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். வற்றிய ஆற்றில் அது ஒளிந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம். மற்ற நாட்டுக் கயாக் புத்தகங்களில் படிப்பதை அப்படியே நம் ஆற்றுக்குப் பொருத்த முடியாததற்குக் காரணம் மின்நிலையங்கள். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா இரண்டும் சேர்ந்துதான் களனியின் மேல்பகுதி. கெஹெல்கமு ஓயாவின் நீரை முதலில் காசல்ரீ நீர்த்தேக்கம் பிடித்து வைக்கிறது. அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையம் வழியாக நோட்டன் குளத்துக்கு வருகிறது. நோட்டனிலிருந்து குழாய் வழியே பழைய லக்ஷபான மின்நிலையத்துக்குப் போய் மஸ்கெலியா ஓயாவில் உள்ள லக்ஷபான குளத்தில் விழுகிறது. அதாவது ஒரு ஓயாவின் நீர் அடுத்த ஓயாவுக்கு மாற்றப்படுகிறது. மஸ்கெலியா ஓயாவில் மேலே மவுசாக்கலை, அதன் கீழே கெனியன், பிறகு புதிய லக்ஷபான. எல்லா நீரும் லக்ஷபான குளத்தில் சேர்ந்து, சுரங்கம் வழியாகப் பொல்பிட்டிய மின்நிலையத்தில் இறங்கி, கித்துல்கலவுக்கு மேலே களனியில் கலக்கிறது. இப்போது பொல்பிட்டியவுக்கும் கித்துல்கலவுக்கும் இடையில் 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் திட்டமும் சேர்ந்திருக்கிறது.

இதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோட்டன் அணைக்குக் கீழே கெஹெல்கமு ஓயா பெரும்பாலான நாட்களில் ஒடுங்கிக் கிடக்கும், ஏனென்றால் நீர் குழாயில் போகிறது. பாறையெல்லாம் காய்ந்திருக்கும், நடுவில் இறங்கிக் குளிக்கலாம் போல இருக்கும். மேலே மழை பெய்து குளம் நிரம்பினால், குழாய் தாங்காத நீரை விட வான்கதவைத் திறப்பார்கள். அல்லது நீர் அணையின் மேலால் வழியும். அப்போது அத்தனை நாளும் ஒடுங்கிக் கிடந்த ஆறு சிறிது நேரத்தில் வேறு ஆறாகிவிடும். நம் மலையகத்தில் குளிக்கப் போன பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே இது நடக்கும். மழை பெய்தது பொகவந்தலாவையிலாக இருக்கலாம், நீங்கள் நிற்பது லக்ஷபானவுக்குக் கீழே.

தலவாக்கலை, கொத்மலைப் பக்கமும் இதே கதைதான். 2012இல் வேலையைத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் நீரை மறித்து, 12 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தில் கீழே கொண்டுபோகிறது. அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் கொத்மலை ஓயாவில் நீர் குறைவு. பலத்த மழையில் வான்கதவு திறந்தால் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி எப்படிப் பொங்கும் என்று அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். அணைகளில் கதவைத் திறக்கும்முன் சைரன் ஒலிக்கச் செய்வார்கள். அதை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. பள்ளத்தாக்குக்குள் இரைச்சலில், ஹெல்மெட் போட்ட தலைக்கு, வளைவுக்கு அப்பால் ஒலிக்கும் சைரன் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வான்கதவைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது, அதை இந்தப் பக்கத்தில் புதிதாக வருபவர்கள் யோசிப்பதே இல்லை. மின்நிலையம் ஓடும்போது அதன் கீழ் ஆற்றில் நீர் ஏறும், நிறுத்தும்போது இறங்கும். நீர்மின் நிலையத்தை விரும்பிய நேரத்தில் ஓட்டலாம் என்பதால் தேவை கூடும் நேரத்துக்கு அதைச் சேமித்து வைப்பது வழக்கம். நம் நாட்டில் மின்சார உச்ச நேரம் மாலை 6:30 முதல் இரவு 10:30 வரை. ஆகவே சாயந்தரம் இருட்டும் நேரத்தில் ஆற்றில் இருப்பது இரட்டை ஆபத்து. வெளிச்சம் போகிறது, நீர் ஏறுகிறது. பிராட்லண்ட்ஸ் வந்த பிறகு கித்துல்கலவில் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் என்பதை அங்கே தினமும் ராஃப்ட் இறக்கும் வழிகாட்டிகளிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும். எந்த அட்டவணையும் ஒரு நாள் மின்நிலையம் பழுதானால் மாறிவிடும்.

நீர் ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மழைநீர் வந்தால் நிறம் முதலில் மாறும். தெளிந்த நீர் தேத்தண்ணி நிறமாகும், இலை சருகு, குச்சி, நுரைத் திட்டுகள் மிதந்து வரும், மண் வாசம் வரும், இரைச்சலின் தொனி கனக்கும். இதில் ஏதாவது ஒன்றைக் கண்டால் விவாதம் வேண்டாம், உடனே கரை ஏறி உயரமான இடத்துக்குப் போங்கள். ஆனால் இந்த அடையாளங்கள் மழை வெள்ளத்துக்குத்தான். மின்நிலையத்திலிருந்து வரும் நீர் தேங்கித் தெளிந்த நீர். நிறம் மாறாமல், சருகு இல்லாமல், வெறுமனே உயரும். அதற்கு ஒரே வழி, எங்கே நின்றாலும் முதல் வேலையாக நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. கல் நனைந்தால் ஆறு ஏறுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கினாலும் இதைச் செய்யுங்கள். கயாக்கைக் கரையில் உயர இழுத்து வையுங்கள். வேகத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் நீர் ஒரு மணி நேரத்தில் 7 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். மேலே உள்ள ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் சொல்லி, நீங்கள் கேட்டு, கரை ஏறுவதற்கு அவ்வளவுதான் நேரம். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

அடுத்தது, நான் மிகவும் பயப்படுவது எது என்று கேட்டால், நீர்வீழ்ச்சியைச் சொல்லமாட்டேன். ஒரு ஆள் உயரம்கூட இல்லாத சின்ன அணைக்கட்டைச் சொல்வேன். மலையகம் எங்கும் சிறு நீர்மின் திட்டங்கள் வந்துவிட்டன. ஓயாவுக்குக் குறுக்கே கொங்கிரீட் சுவர் ஒன்று கட்டி நீரைத் திருப்புவார்கள். மேலேயிருந்து பார்த்தால் ஆறு அமைதியாக வழுக்கி விழுவது போல இருக்கும். ஆனால் சுவரின் அடியில் விழும் நீர் கீழே போய், மேற்பரப்பில் திரும்பவும் சுவரை நோக்கியே வரும். அதில் விழுந்தவரை நீர் உள்ளே இழுத்து, அமுக்கி, மேலே விட்டு, மறுபடி இழுக்கும். இயற்கையான பாறை விழுச்சியில் எங்காவது ஒரு பக்கம் உடைந்திருக்கும், அந்த வழியாக வெளியேறலாம். கொங்கிரீட் சுவர் கரையிலிருந்து கரை வரை ஒரே சீராக இருப்பதால் அப்படி ஒரு வாசலே கிடையாது. நுரையில் காற்று கலந்திருப்பதால் உயிர்காப்பு அங்கியும் வழக்கம்போல மிதக்க வைக்காது. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மூழ்கிய சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. அணைக்கட்டைக் கண்டால் எட்டத்திலேயே கரை ஏறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போங்கள். பக்கத்தில் உள்ள நீர் உள்வாங்கும் வாயும் கம்பி வலையும் அதே அளவு ஆபத்து.

அந்தச் சுவர்கள் வரைபடத்தில் எப்போதும் இருக்காது. ஆகவே எந்த ஓயாவானாலும் இறங்குவதற்கு முன்பு கரையோரமாக நடந்து பாருங்கள். தேயிலை மலை என்றால் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். ‘இங்கே யாராவது செத்திருக்கிறார்களா, எந்த இடத்தில்?’ என்று வெளிப்படையாகவே கேளுங்கள். எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆற்றுத் தகவல்கள் இப்படித்தான் கிடைத்தன.

மரம் விழுந்து கிடப்பது அடுத்த பெரிய ஆபத்து. நம் கரைகளில் மூங்கில் புதர் அதிகம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கொத்து சரிந்து ஆற்றுக்குள் நிற்கும். தேயிலை வடியில் சாயம் இறங்கி இலை தங்குவதுபோல, நீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆளும் படகும் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து அழுத்தும் நீர் விடாது. நீர் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், இது உறுதியான பௌதிகம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீர் நிற்பவரின் கால்களில் 7, 8 கிலோ அளவுக்குத் தள்ளும் என்றால், 10 கிலோமீட்டரில் அது 30 கிலோவாகிவிடும். விழுந்த மரத்தை நோக்கித் தவிர்க்கவே முடியாமல் போகிறீர்கள் என்றால் மட்டும், வழக்கத்துக்கு மாறாகத் தலையை முன்னால் வைத்து வேகமாக நீந்தி மரத்தின் மேல் பாய்ந்து ஏற வேண்டும். கால் முதலில் போனால் உடம்பு அடியில் போய்விடும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. அமைதியான நீரில் ஒரு கட்டையைக் குறுக்கே கட்டிப் பழக வேண்டும்.

பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்தில் இன்னொன்று. கெஹெல்கமு ஓயாவின் மேல்பகுதியில் மாணிக்கக்கல் தேடித் தோண்டிய குழிகள் ஆற்றுப்படுக்கையில் கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று காலை வைக்கும் இடம் ஆள் ஆழமாகிவிடும். தோண்டிப் போட்ட கல்லும் கம்பியும் கயிறும் உண்டு. தொங்கு பாலங்களின் அறுந்த கம்பிகளும் அப்படியே.

ஓடும் நீரில் எழுந்து நிற்காதீர்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வது இதனால்தான். கால் ஒரு பாறை இடுக்கில் மாட்டியதும் நீர் முதுகில் தள்ளி முகத்தைக் குப்புற அமுக்கும். இடுப்பளவு நீரிலேயே உயிர் போகும். விழுந்தால் மல்லாந்து, பாதங்களை நீர்மட்டத்துக்குத் தூக்கி, கீழ்நோக்கி வைத்துக்கொண்டு போங்கள். அமைதியான ஒதுக்குக் கிடைத்ததும் குப்புறத் திரும்பி முழு மூச்சாக நீந்திக் கரை சேருங்கள். கை தரையைத் தொடும் ஆழம் வந்த பிறகுதான் எழுந்து நிற்கலாம்.

நீரைப் படிப்பதற்குச் சில அடையாளங்கள் சொல்கிறேன், இவை எந்த ஆற்றுக்கும் பொருந்தும். கூம்பின் முனை கீழ்நோக்கி இருக்கும்படி வழவழப்பான நீர்நாக்கு தெரிந்தால் அது இரு பாறைகளுக்கு நடுவே உள்ள வழி. முனை உங்களை நோக்கி, அதாவது மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் பாறை இருக்கிறது. பாறையில் மோதும் நீர் முன்னால் மெத்தைபோலப் புடைத்து எழுந்தால் நல்லது, அது உங்களை விலக்கிவிடும். புடைப்பே இல்லாமல் நீர் பாறைக்குள் நுழைவதுபோல இருந்தால் அடி குடைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், அதிலிருந்து தள்ளியே போங்கள். பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி உருளும் நுரைக்கோட்டைக் கரையில் நின்று பாருங்கள். அதன் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓரமாக வெளியேற வாய்ப்புண்டு. மேல்நோக்கி வளைந்திருந்தால் அது நடுவுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம், ஒரு விதி: அடுத்து ஒதுங்கும் இடம் கண்ணில் படும்வரை, இப்போது நிற்கும் இடத்தை விட்டு நகராதீர்கள். தெரியவில்லை என்றால் இறங்கி நடந்து பாருங்கள்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. கித்துல்கல ராஃப்டிங் பகுதியை இரண்டாம், மூன்றாம் தரம் என்று சொல்வார்கள். ஒன்று முதல் ஆறு வரையுள்ள அந்தச் சர்வதேச அளவுகோல் பயனுள்ளதுதான், சாதாரண நீர்மட்டத்தில் அந்தக் கணிப்பும் நியாயமானது. ஆனால் தரம் என்பது கடினத்தைச் சொல்வது, அதே பாறையில் நீர் கூடினால் தரமும் கூடிவிடும். பட்டர் கிரன்ச், ஹெட் சாப்பர் என்று பெயர் வைத்த இடங்கள் ஒரு நாள் விளையாட்டாக இருக்கும், இன்னொரு நாள் அனுபவசாலியே கரையில் நின்று யோசிப்பார். ஆகவே யாராவது ‘அது மூன்றாம் தரம்தான்’ என்று சொன்னால், ‘எந்த நீர்மட்டத்தில்?’ என்று கேளுங்கள்.

படுக்கையே மாறுவதும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை மண்சரிவுகள் என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. மண்சரிவு ஓயாவில் விழுந்தால் புதிய பாறைகளும் வேரோடு பிடுங்கிய மரங்களும் படுக்கையில் வந்து தங்கும், கரை தளர்ந்து நிற்கும். அதற்கு முன் எடுத்த காணொளியையோ பழைய அனுபவத்தையோ வைத்து இன்று இறங்கக் கூடாது. எந்த ஓயா எவ்வளவு மாறியது என்பதை ஒவ்வொன்றாக நேரில் நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, மேலே சரிவு விழுந்து ஓடையை அடைத்தால் கீழே நீர் திடீரென்று குறையும், அடைப்பு உடைந்தால் ஒரே அடியாக வரும். மழைக்காலத்தில் நீர் காரணமில்லாமல் குறைந்தால் சந்தோஷப்படாமல் வெளியேறுங்கள்.

தகவல் எங்கே கிடைக்கும்? நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று நீர்மட்டங்களை அளக்கிறது. களனிப் படுகையில் நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ் போன்ற இடங்களில் அளவீடுகள் உண்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அவற்றை வெளியிடுகிறது. அவசர எண் 117. நோர்வூட் அளவீடு உயர்ந்தால் காசல்ரீக்கு நீர் வருகிறது என்று அர்த்தம், கித்துல்கல அளவீடு உங்களைத் தாண்டிக் கீழே போய்விட்ட நீரைத்தான் சொல்லும். இவை வெள்ள எச்சரிக்கைக்காக வைத்தவை, கயாக் விடுபவருக்கு நிமிடக் கணக்கில் தகவல் தர வைத்தவை அல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் அன்று காலையில் பாருங்கள். உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள் நிறத்தில் இருந்தால்கூட நான் இறங்கமாட்டேன். சிலர் இதை அதிக எச்சரிக்கை என்பார்கள், இது என் சொந்த முடிவு.

உபகரணம் பற்றிச் சுருக்கமாக. ஹெல்மெட், அளவான உயிர்காப்பு அங்கி, பாதத்தை மூடும் சப்பாத்து, விசில், ஆளுக்கொரு எறிகயிறுப் பை. மூன்று முறை விசில் அடித்தால் ஆபத்து என்று முன்பே பேசி வையுங்கள். பழைய கயாக் என்றீர்கள், அதன் உள்ளே மிதவை இருக்கிறதா, கால்தாங்கி இறுகியிருக்கிறதா, பிடிக்கயிறு அறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் ஆற்று ஆபத்தாகவே நினைப்பதில்லை. வெள்ளநீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் நுழையும். 2000இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் இறங்கியவர்களில் பலருக்கு இது வந்தது. நம் நாட்டில் மழைக்குப் பிறகு வழக்கமாகவே கூடும். ஆற்றில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள், சில வேளை நான்கு வாரத்துக்குள்ளும், காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ‘ஆற்றில் இருந்தேன்’ என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முன்தடுப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை, அதைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு கயாக்கையும் முதலில் ஒரு தேங்கிய நீரில் போட்டு, கவிழ்ந்தால் வெளியேறவும், படகோடு நிமிரவும் பழகுங்கள். அனுமதியும் கரையில் ஆளும் இல்லாமல் நீர்த்தேக்கத்தில் இறங்காதீர்கள். பிறகு கித்துல்கலவில், ராஃப்ட் போகும் அதே பகுதியில், ராஃப்ட் கூட்டத்தின் பின்னால் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே மீட்புக் கயாக்கில் போகும் பொடியன்கள் இருப்பார்கள், சிங்களமும் தமிழும் கலந்து பேசிக் கற்றுத் தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள். முறையான ஓடுநீர் மீட்புப் பயிற்சி எங்கே கிடைக்கிறது என்றும் அவர்களிடமே கேளுங்கள், நான்கு பேரும் சேர்ந்தே முடியுங்கள். ஒருவருக்குத் தெரிந்து மூவருக்குத் தெரியாவிட்டால் தண்ணீரில் விழுவது அந்த ஒருவராகவும் இருக்கலாம். போகும் நாளில் இரண்டு பேர் நீரில், இரண்டு பேர் எறிகயிற்றோடு கரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கி மதியத்துக்கு முன் முடியுங்கள். எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தால் இடத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே பக்கத்துப் பாலத்தின் பெயரையும் தோட்டத்தின் டிவிஷன் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். கெஹெல்கமு ஓயாவைப் பற்றிப் பயிற்சி முடிந்த பிறகு, நடந்து பார்த்த படங்களோடு மறுபடி கேளுங்கள். அபர்டீனுக்கு மேலேயும் கீழேயும் எங்கே ஒதுங்கலாம் என்று ஒவ்வொரு வளைவாகப் பேசுவோம்.